பழைய ரிவால்வரும் பிளந்த இரண்டு கூடுகளும்

அவர் முதலில் என் துப்பாக்கி பழுதுபார்க்கும் மேசைமேல் வைத்தது ஒரு சின்னத் தகர டப்பா. உள்ளே சுட்டு முடித்த பன்னிரண்டு தோட்டாக் கூடுகள். இரண்டு நீளவாக்கில் பிளந்திருந்தன. மீதிப் பத்தும் முழுசாக இருந்தாலும், பின்பாதி தொப்பை போட்டதுபோலப் புடைத்திருந்தது. அதன் பிறகுதான் துணியில் சுற்றி வைத்திருந்த ரிவால்வரை எடுத்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டாம் உலகப் போர்க் காலப் பொருள்களைச் சேர்ப்பவர். முறையான உரிமத்தோடு, பழைய ஆயுதங்கள் விற்கும் ஒருவரிடம் இதை வாங்கியிருந்தார். “.38 ஸ்பெஷல் என்றுதான் விற்றவர் சொன்னார் தம்பி, ரசீதிலும் அப்படியே எழுதியிருக்கிறார். அந்தத் தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போகிறது. அப்புறம் ஏன் இப்படி ஆகிறது?” என்று கேட்டார்.

குறை அது ஒன்று மட்டும் இல்லை. பன்னிரண்டு தோட்டா சுடுவதற்குள் மூன்று முறை சுத்தியல் விழுந்தும் வெடிக்கவில்லை. சிலிண்டர் ஒரு சுற்று வந்து, இரண்டாம் அடி பட்ட பிறகே அவை வெடித்தன. வீட்டுக்கு வந்து துடைத்து மூடியபின் சிலிண்டர் திறக்கவே மறுத்துவிட்டது. கடைசியாக ஒரு வேண்டுகோளும் இருந்தது: மங்கிப்போன கறுப்பை எடுத்துவிட்டு, புதுசுபோலப் பளபளப்பாக்கித் தர வேண்டும்.

மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருந்தன. இரண்டு, அரை மணி நேர வேலை. கூடு பிளப்பதற்கு மட்டும் வைத்தியம் இல்லை. இந்தக் குறிப்பை எழுதுவதே அதற்காகத்தான், பழைய .38 ரிவால்வர் வாங்கும் எவருக்கும் அது நேரலாம்.

திறக்காத சிலிண்டர்

சிலிண்டர் திறக்காத ரிவால்வர் காலி என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பார்த்தால், சிலிண்டரின் பின்முகத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கூட்டின் விளிம்பு இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். ஆனால் மேலும் கீழும் உள்ள தோட்டா அறைகள் சட்டத்தின் பின்னால் மறைந்துவிடும். அதனால் தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். சுத்தியலைத் தொடவில்லை.

இந்த வகை ரிவால்வரில் குழலுக்குக் கீழே ஒரு மெல்லிய கம்பி ஓடும். சிலிண்டரைத் திறந்து அதை அழுத்தினால் காலிக் கூடுகள் வெளியே வரும். மூடியிருக்கும்போது அதன் முன்நுனி, குழலின் அடியில் உள்ள ஒரு குமிழில் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். கம்பி மரையில் திருகப்பட்டது. மரை தளர்ந்தால் கம்பி முன்னே நீளும். நீண்டால் பூட்டு விடாது. இதைச் செய்த அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுமார் 1961 வரை இந்தக் கம்பிக்கு வழக்கமான வலமரையே போட்டது. அவர்களுடைய சிலிண்டர் சுழலும் திசைக்கு அது தானாகத் தளரும் இயல்புள்ளது. பின்னர் இடமரையாக மாற்றிவிட்டார்கள். போர்க்காலத் துப்பாக்கி என்றால் வலமரைதான்.

கம்பியின் சொரசொரப்பான தலையைத் தோல் துண்டு வைத்துப் பிடித்து, முடுக்கும் திசையில் மெல்லத் திருப்பினேன். முக்கால் சுற்றுக்குள் ‘டிக்’ என்று விட்டது. அறைகள் காலி. கம்பியை முழுதாக முடுக்குவதற்கு முன் ஆறு அறைகளிலும் காலிக் கூடுகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் உள்ள, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் மீது திருகு விசை முழுதும் ஏறி, அதைப் பிடித்திருக்கும் குட்டி ஊசிகள் வளைந்துபோகும். பலர் இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு, நல்ல சிலிண்டரைக் கெடுத்துவிடுகிறார்கள்.

முத்திரைகள்

திறந்தபின் ஒவ்வொரு முத்திரையாகப் படித்தேன். கைப்பிடியின் அடியில், கயிறு மாட்டும் வளையத்தை ஒட்டி, ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும் ஆறு இலக்க எண்ணும். அதே எண் சிலிண்டரின் பின்முகத்தில், குழலின் அடித்தட்டையில், கைப்பிடி மரத்தின் வலப் பலகையின் உட்புறத்தில். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின, பாகங்கள் மாற்றப்படவில்லை. மரம் வழுவழுப்பான வால்நட், நிறுவனத்தின் பதக்கக் குறி கிடையாது. சட்டத்தின் மேற்பட்டையில் அமெரிக்க அரசின் சொத்து என்று பொறித்திருந்தது. குழல் 5 அங்குலம்.

இவ்வளவு போதும், இது விக்டரி மாடல் என்று சொல்ல. 1899இல் தொடங்கிய ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ வரிசையின் எண்கள் 1942 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தொட்டதும், வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்தோடு எண்ணைப் புதிதாகத் தொடங்கினார்கள். 1945 வரை அப்படி ஓடியது. அமெரிக்கப் படைகளுக்குப் போனவை பெரும்பாலும் 4 அங்குலக் குழலும் .38 ஸ்பெஷல் தோட்டாவும் கொண்டவை. நட்பு நாடுகளுக்கு ஆயுதம் தர அமெரிக்கா இயற்றிய 1941இன் கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ் பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ரிவால்வர்கள் போயின. அவற்றின் அடையாளம் 5 அங்குலக் குழல், தோட்டா வேறு.

குழலின் வலப்பக்கத்தில் அந்தத் தோட்டாவின் பெயர் தெளிவாகவே இருந்தது: 38 எஸ். அண்ட் டபிள்யூ., அதாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இதற்குப் பின்னால் ‘ஸ்பெஷல்’ என்ற சொல் இருந்தால் ஒரு தோட்டா. இல்லாவிட்டால் முற்றிலும் வேறொன்று. விற்றவர் இரண்டையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார். இந்தப் பெயர்க் குழப்பம் பல கைகளில் பல காலமாக நடக்கிறது. அதனால் அவரைப் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விற்பனை செய்கிறவர் ஒருமுறை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்திருக்கலாம்.

.38 எஸ் அண்ட் டபிள்யூ 1870களில் வந்த பழைய தோட்டா. கூடு 19.7 மி.மீ. நீளம், அடிப்பகுதி சுமார் 9.8 மி.மீ. விட்டம், குண்டு 9.17 மி.மீ. பிரிட்டிஷ் படைகள் முதலில் இதே கூட்டில் 200 கிரெய்ன் (சுமார் 13 கிராம்) எடையுள்ள கனத்த ஈயக் குண்டை வைத்துப் பயன்படுத்தின. .38 ஸ்பெஷல் அதைவிட நீளமானது, ஒல்லியானது: கூடு 29.3 மி.மீ., விட்டம் 9.63 மி.மீ., குண்டு 9.07 மி.மீ. ஆக, விக்டரி பிரிட்டனுக்குப் போன நிலையிலேயே இருந்தால் .38 ஸ்பெஷல் முழுதாக உள்ளே போகாது. பாதியில் நிற்கும். இவருடையதில் போகிறது.

அளவு

வெடிக்காத போலி .38 ஸ்பெஷல் தோட்டா ஒன்றை அறையில் விட்டேன். வழுக்கிக்கொண்டு விளிம்புவரை இறங்கியது. இறங்கிய பிறகு லேசாக ஆடவும் செய்தது. நல்ல அறையில் அந்த ஆட்டம் இருக்காது.

அறையின் பின்வாய் 9.87 மி.மீ. இருந்தது. சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்ளே பார்த்தபோது, ஏறக்குறைய 20 மி.மீ. ஆழத்தில் ஒரு வளையம் தெரிந்தது. அதுவரை அகலம்; அதற்கு மேல் திடீரென ஒடுங்கி, .38 ஸ்பெஷலின் விட்டத்தில் இன்னொரு உருளை. இந்த இரண்டாவது பகுதியின் சுவரில் ரீமர் (துளையைக் குடைந்து பெரிதாக்கும் கருவி) சுற்றிய கோடுகள் நூல் சுற்றியதுபோல அப்படியே இருந்தன. பின்பகுதி தொழிற்சாலை வேலை, கண்ணாடிபோல வழுவழுப்பு. ஆறு அறைகளிலும் இதே கதை. போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்டபோது, கடைகளில் சுலபமாகக் கிடைத்த .38 ஸ்பெஷலைப் போட வசதியாக, யாரோ அறைகளை நீளமாகத் துளைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் ஆயிரக்கணக்கான விக்டரிகளுக்கு இது நடந்தது.

நீளத்தை ரீமர் கூட்டிவிடும். ஏற்கெனவே அகலமாக இருக்கும் பின்பகுதியை எந்த ரீமராலும் குறைக்க முடியாது. ஒல்லிக் கூடு அகல அறையில் உட்கார்ந்திருக்கிறது. வெடித்ததும் பித்தளை விரிந்து சுவரைத் தேடுகிறது. தேடிப் போகும் தூரம் அதிகம்.

தகர டப்பாவிலிருந்த கூடு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அடித்தட்டை ஒட்டிய கெட்டிப் பகுதி பழைய அளவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் புடைப்பு. பிறகு 20 மி.மீ. பக்கத்தில் ஒரு படி, அங்கிருந்து வாய்வரை மறுபடி ஒல்லி. அறைக்குள் நான் பார்த்த வளையம் அப்படியே பித்தளையில் அச்சாகியிருந்தது. புடைப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாகவும் இல்லை. கூடு அறையின் அடியில் படுத்துக் கிடப்பதால் மேற்பக்கம் அதிகமாகத் தள்ளியிருந்தது. பிளந்த இரண்டும் அந்தப் பக்கத்தில்தான் பிளந்திருந்தன.

அவர் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. “அப்போ துப்பாக்கி என்னிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறது,” என்றார்.

பர்மிங்காம் முத்திரை

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழலின் மேல் இன்னும் சில குறிகள் இருந்தன, அவை இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. ஒரு கிரீடம், அதன் கீழே பி.என்.பி. என்ற மூன்று எழுத்துகள். பக்கத்தில் .38, .767 என்ற எண்கள், பிறகு மூன்றரை டன்.

இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு விற்கப்படும் துப்பாக்கியை அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரை இடுவது சட்டம். அந்த வேலையை லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனை நிலையங்கள் செய்கின்றன. பி.என்.பி. பர்மிங்காமின் குறி, 1954 விதிகளுக்குப் பின் வந்தது. .767 என்பது கூட்டின் நீளம், அங்குலத்தில். அதாவது 19.5 மி.மீ. மூன்றரை டன் என்பது சதுர அங்குலத்துக்கான அழுத்தம்.

ஆக, 1950களின் நடுவிலோ அதற்குப் பின்போ இந்த ரிவால்வர் பர்மிங்காமில் இருந்தது. அப்போது அதன் அறை குட்டைக் கூட்டுக்கானதாகவே இருந்தது. துளையை நீட்டியது அதற்குப் பிறகு. அந்த மூன்றரை டன் சான்று இப்போதுள்ள அறைகளுக்குச் செல்லாது. துளைத்த பிறகு யாரும் அதைச் சோதித்துப் பார்த்த அடையாளம் எங்கும் இல்லை. வெளிநாட்டு முத்திரை நிறைய இருந்தால் துப்பாக்கி நம்பகமானது என்று நினைப்பவர்கள் உண்டு. முத்திரை விழுந்த தேதியும், மாற்றம் நடந்த தேதியும் எது முதல் என்று கேட்டுப் பழக வேண்டும்.

அழுத்தக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். இன்றைய அமெரிக்கத் தரப்படி .38 எஸ் அண்ட் டபிள்யூவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,500 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000. வித்தியாசம் பயங்கரமானதல்ல. அதனால்தான் சிலிண்டர் வெடிக்காமல் கூடு மட்டும் பிளந்தது. கூடு பிளந்தால் சூடான வாயு பின்பக்கம், சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். அதைவிட எனக்குப் பயம் வேறு. துளைத்தவர் அளவு தவறி இன்னும் ஆழமாகப் போயிருந்தால், 32.8 மி.மீ. நீளமுள்ள .357 மேக்னமும் உள்ளே போகும். அதன் அழுத்தம் 35,000. இவருடையதில் போலி மேக்னம் தோட்டாவை விட்டுப் பார்த்தேன். சுமார் 3 மி.மீ. வெளியே நின்றது. நல்ல காலம்.

குறி தவறுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். இந்தக் குழல் 9.17 மி.மீ. குண்டுக்கானது. அதில் 9.07 மி.மீ. குண்டு போனால் வரிப்பள்ளங்கள் அதைச் சரியாகக் கவ்வாது. இலக்குத் தாளில் அவருக்குக் கிடைத்த சிதறலுக்கு அவர் கையை மட்டும் குறை சொல்ல முடியாது.

உள் வேலை

வெடிக்காமல் விழுந்த மூன்று அடிகளுக்குக் காரணம் கைப்பிடியின் முன்பட்டையில், கீழே இருந்த ஒரு சிறு திருகு. அது உள்ளே சுத்தியலின் தட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறது. சுடும்போது விரலால் இழுக்கும் விசை இலகுவாக வேண்டும் என்று யாரோ அதை இரண்டு சுற்றுத் தளர்த்தியிருந்தார்கள். விசை இலகுவாகும், சுத்தியலின் அடியும் சோம்பலாகும். முழுதாக முடுக்கினேன், அவ்வளவுதான்.

பக்கத் தகட்டைக் கழற்றும் வேலையைத் திருகுக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவர் இல்லாதவர்கள் தொடவே கூடாது. சாதாரண டிரைவரின் முனை ஆப்புபோலச் சரிந்திருக்கும். திருகின் வாயைக் கிழித்துவிடும். முனை இணையாகச் சாணை பிடித்தது வேண்டும். கழற்றிய திருகுகள் ஒவ்வொன்றும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். தகட்டை நெம்பக் கூடாது. கைப்பிடிச் சட்டத்தின் பக்கத்தில் டிரைவரின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தால் அதிர்வில் அது தானாக மேலே எழும்பும். பொறுமை வேண்டும், சில சமயம் ஐம்பது தட்டு தட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பு நிறத்தில் மெழுகுபோல ஒட்டியிருந்தது. இதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1944இல் கப்பல் தளத்தில் தவறி விழுந்த விக்டரி ஒன்று தானாக வெடித்து ஒரு மாலுமி இறந்தார். விழும் அதிர்ச்சியில் சுத்தியல் முன்னே போகாமல் தடுக்கும் துண்டு அதில் இருந்தது. ஆனால் அது ஸ்பிரிங்கை நம்பியது. கிரீஸ் கெட்டிப்பட்டால் தன் இடத்துக்குத் திரும்பாது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் புதிய, நம்பகமான தடுப்பை வடிவமைத்து, அது பொருத்தியவற்றின் எண்ணில் ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்தார்கள். இவருடையதில் ‘எஸ்’ இல்லை. உள்ளே பார்த்தபோது தடுப்புத் துண்டு பக்கத் தகட்டின் பள்ளத்தில் கிரீஸோடு ஒட்டி, அசையாமல் கிடந்தது. கரைப்பான் ஊற்றி, நைலான் பிரஷால் தேய்த்து, துண்டு துள்ளித் திரும்பும்வரை சுத்தம் செய்தேன். அப்படியும், ‘எஸ்’ இல்லாத ரிவால்வர் வைத்திருப்பவர்கள் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து மட்டுமே போடுவது நல்லது.

மீண்டும் பூட்டும்போது எண்ணெய் மிகக் குறைவு. ஊசி முனையில் ஒரு சொட்டு, உரசும் இடத்துக்கு மட்டும். நிறைய ஊற்றினால் இன்னும் முப்பது வருடத்தில் இன்னொருவர் அதே மெழுகைச் சுரண்டுவார்.

மற்றச் சோதனைகள் நன்றாகவே வந்தன. சுத்தியலை மெல்லப் பின்னிழுத்தால் ஆறு அறைகளிலும் சிலிண்டரை நிறுத்தும் பூட்டு நேரத்துக்கு விழுந்தது. முழுதாக ஏற்றிய சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பார்த்தேன், நழுவவில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி, அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.20 மி.மீ.; 0.10இலிருந்து 0.25 வரை இருக்கலாம். குழலின் பின்வாயில் வெடிப்பு இல்லை, கொஞ்சம் ஈயப் படிவு மட்டும்.

குழலைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. ரிவால்வரில் பின்பக்கமிருந்து கம்பி விட வழியில்லை, முன்வாய் வழியாகத்தான் விட வேண்டும். அந்த வாயின் விளிம்பில் கம்பி உரசி உரசித் தேய்ந்தால் குறி கெடும். பித்தளை வழிகாட்டி வளையம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்கல பிரஷ், கரைப்பான், பிறகு உலர்ந்த துணித்துண்டு கறுப்பில்லாமல் வரும்வரை. துணியில் ஒரு துளி எண்ணெயோடு முடிக்கலாம்.

பளபளப்பு வேண்டாம்

அவருக்குப் பெரிய ஏமாற்றம் இதில்தான். மங்கிய சாம்பல்-கறுப்பு நிறம் வயதானதால் வந்தது என்று நினைத்திருந்தார். போர் அவசரத்தில் மெருகேற்ற நேரமின்றிப் போட்ட பாஸ்பேட் பூச்சு அது. புதிதாக வந்த நாளிலும் அப்படித்தான் மங்கலாக இருந்தது. அதைச் சாணை பிடித்துப் பளபளப்பாக்கினால் முத்திரைகளின் ஓரம் கரையும், ஒரு காலத்தின் சாட்சி போய்விடும். நான் செய்ய மாட்டேன் என்றேன். “அப்போ அந்தத் துருப்பொட்டுகள்?” என்றார். எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, சொரசொரப்பான பருத்தித் துணியால் தேய்த்தேன். செம்பழுப்புத் தூள் வந்தது, அடியில் இருந்த குழிகள் அப்படியே இருக்கின்றன. இருக்கட்டும். எஃகு நார் இந்தப் பூச்சின் பக்கமே வரக் கூடாது.

தோல் உறையில் போட்டு வைத்திருந்தார், அதையும் மாற்றச் சொன்னேன். பதனிட்ட தோல் ஈரத்தை இழுக்கும். அதில் உள்ள அமிலமும் சேர்ந்து துருவை அழைக்கும். உறையைத் தனியாக, துப்பாக்கியைச் சிலிக்கா ஜெல்லோடு பூட்டிய பெட்டியில். தொட்ட பிறகு கைரேகையை எண்ணெய்த் துணியால் துடைப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது. வேறு பெரிய பராமரிப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை.

முடிவு அவருடையது, ஆனால் என் கருத்தை மறைக்கவில்லை. “சார், இதில் இனி .38 ஸ்பெஷல் சுட வேண்டாம். சேகரிப்பில் இருக்கட்டும்.” மூல சிலிண்டரை எடுத்துவிட்டு வேறு பொருத்தலாமா என்று கேட்டார். கிடைத்தாலும் எண் பொருந்தாது, அறைகளைக் குழலோடு நேர் பார்த்துப் பொருத்த வேண்டும், அவர் வைத்திருக்கும் நோக்கத்துக்கு அது வீண் என்றேன். உரிமத்தில் தோட்டாவின் பெயர் தவறாகப் பதிவாகியிருப்பதை மட்டும் உடனே அதிகாரிகளிடம் எழுத்தில் தெரிவிக்கச் சொன்னேன். அதைச் செய்துவிட்டார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கும் எண்ணை அனுப்பியிருக்கிறார். தொழிற்சாலையிலிருந்து எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்று பழைய பேரேடுகளைப் பார்த்து அவர்கள் கடிதம் தருவார்கள்.

அறைகளின் அளவு, முத்திரைகளின் வரிசை, ‘.38 ஸ்பெஷல் போடக் கூடாது’ என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்து யார் கைக்குப் போனாலும் அந்தத் தாளும் கூடவே போக வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பிளந்த கூடுகள் இரண்டையும் என்னிடமே விட்டுப் போனார். பழைய .38 என்று யாராவது கொண்டுவந்தால், வெர்னியரை எடுப்பதற்கு முன் அந்த இரண்டையும் அவர்கள் உள்ளங்கையில் வைக்கிறேன்.